வன்னிப் போரின் சாட்சியங்களைப் பெங்களூரில் இருந்து எழுதுவோருக்கு

இலங்கையின் வடக்கே வன்னியில் 2009இல் முடிந்த போரைக் கண்ட ஒருவர் தன் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ள வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்க வேண்டியது இது: "இதுக்கு முன்னாடி இதை யார்கிட்டயாவது சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களாம்மா?"

பெரும்பாலும் போட்டிருப்பார்கள். இலங்கைப் போலீஸ், மனித உரிமைகள் ஆணைக்குழு, செஞ்சிலுவைச் சங்கம், 2010இல் அமைந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் அமைந்த காணாமல்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு, 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமல்போனோர் அலுவலகம் என்று காணாமல்போன மகனைத் தேடும் ஒரு தாய் ஏறி இறங்கிய படிகள் ஏராளம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு துண்டுச் சீட்டு, ஒரு இலக்கம் இருக்கும். அந்தச் சீட்டுகள்தான் உங்கள் வேலையின் அஸ்திவாரம். முழு வாக்குமூலம் ஏற்கெனவே ஒரு வக்கீலிடம் இருக்கிறது என்றால் புதிதாக இன்னொன்று எழுதாதீர்கள். பழையதன் நகலை வாங்கி, விட்டுப்போனதை மட்டும் தனித்தாளில் சேருங்கள். ஒரே சம்பவத்துக்கு நான்கு வாக்குமூலம் இருந்தால் நான்கிலும் சின்னச் சின்ன வித்தியாசம் வராமல் இருக்காது. பிரிட்டனிலோ கனடாவிலோ தஞ்சம் கேட்டு நிற்கும்போது அந்த வித்தியாசத்தை எடுத்துக்காட்டித்தான் "நம்பத்தகுந்தவர் அல்ல" என்று எழுதுகிறார்கள்.

பெங்களூரில் இலங்கைத் தமிழருக்கென்று முகாம் கிடையாது. முகாம்கள் கிட்டத்தட்ட எல்லாமே தமிழ்நாட்டில். இங்கே வாடகை வீட்டில் இருப்பவர்களும் உறவினரைப் பார்க்க வந்து தங்குகிறவர்களும் "தமிழும் இங்கிலீஷும் எழுதத் தெரிந்த ஆள்" வேண்டும் என்று அல்சூர், சிவாஜிநகர், மர்பி டவுன் பக்கம் தெரிந்தவர் மூலமாகத் தேடி வருகிறார்கள். தேடிப் பிடிக்கப்படுகிற ஆளுக்கு நல்ல மனசு இருக்கும், தமிழ் உணர்வும் இருக்கும். பல நேரம் சாட்சியம் கெடுவது அந்த உணர்வாலேயே.

இடமும் நேரமும் அற்ப விஷயமாகத் தோன்றும். பெங்களூரில் அப்படி விட்டுவிட முடியாது. எச்.ஏ.எல். விமான நிலையத்தில் இருந்து போர் விமானங்கள் சோதனைக்குப் பறக்கும். மாரத்தஹள்ளி, முருகேஷ்பாளையா, பழைய ஏர்போர்ட் ரோடு வீடுகளின் தலைக்கு மேலேயே போகும். ஒற்றைப்படை ஆண்டுகளின் பிப்ரவரியில் எலஹங்காவில் ஏரோ இந்தியா கண்காட்சி, அதற்கு முந்தைய நாட்களில் ஒத்திகை. இலங்கை விமானப்படையின் கிபிர் போர் விமானங்கள் குண்டு வீசியபோது பங்கருக்குள் (பதுங்கு குழிக்குள்) கிடந்தவரை அந்தச் சத்தத்துக்குக் கீழே உட்காரவைத்துக் கேள்வி கேட்கக் கூடாது. தீபாவளி வாரமும் வேண்டாம். உள் அறை நல்லது, ஆனால் கதவு அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்; கதவுக்கும் அவருக்கும் நடுவில் நீங்கள் உட்காராதீர்கள். இரண்டு பேர் போதும்: ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. போன்கள் எல்லாம் அடுத்த அறையில். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒரு அமர்வு போகக் கூடாது. மிக மோசமான பகுதியைச் சொல்லி முடித்தவுடன் அப்படியே அனுப்பிவிடாமல், கடைசிப் பதினைந்து நிமிடம் அன்றாட விஷயத்துக்கு வாருங்கள்: பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், திரும்பிப் போக பஸ் எது. தூக்கம் கெட்டுப் போயிருக்கிறது என்று சொன்னால் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவையும், தமிழிலும் பேசக்கூடிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐயும் எழுதிக் கொடுங்கள். அறிவுரை வேண்டாம்.

பேனாவை எடுக்கும் முன் மூன்று விஷயம் சொல்லியாக வேண்டும். இதனால் விசா கிடைக்காது, இழப்பீடும் கிடைக்காது. நடுவில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், பிறகு திரும்பப் பெறவும் செய்யலாம். எங்கே போகலாம் என்பதை அவர்தான் முடிவு செய்வார். இந்த மூன்றாவதை ஒரே கையெழுத்தில் அடக்காதீர்கள். ஐ.நா.வுக்கு, வக்கீலுக்கு, ஆய்வாளருக்கு, பத்திரிகைக்கு என்று தனித்தனி வரி, ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. அதோடு, முல்லைத்தீவிலோ மட்டக்களப்பிலோ இன்னும் இருக்கிற குடும்பத்தாரின் சம்மதமும் தேவை. ஜெனீவாவில் உள்ள ஐ.நா. அலுவலகத்துக்குப் போன கடிதத்துக்குப் பின் விசாரிக்க ஆள் வந்தால் அது அவர்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

இந்தியாவுக்கே உரிய ஆபத்து இன்னொன்று. விடுதலைப் புலிகள் இயக்கம் இங்கே 1992 மே மாதம் முதல் தடைசெய்யப்பட்டது. 2024இல் தடை மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கப்பட்டது. "என்னைப் பிடிச்சுக்கொண்டு போய் ஆறு மாசம் பயிற்சி தந்தவை" என்று பதினாறு வயதில் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட ஒருவர் சொல்வது அவர் பட்ட கொடுமையின் சாட்சியம். அதே வரி நோட்டரி முத்திரையோடு ஒரு இ-ஸ்டாம்ப் தாளில் ஏறினால் வேறு கண்ணால் படிக்கப்படலாம். இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் சேரவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டம் இல்லை; வெளிநாட்டவருக்கான பொதுச் சட்டம்தான் (2025 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம்). ஆகவே இயக்கம் (புலிகள்), தடுப்பு (தடுப்புக் காவல்), புனர்வாழ்வு (முன்னாள் புலிகளை அரசு வைத்திருந்த முகாம்) ஆகிய மூன்றில் எது வந்தாலும் அதை எழுதும் முன் வக்கீலைப் பார்க்க வேண்டும். பிரமாணப் பத்திரம் எல்லா இடத்திலும் தேவைப்படுவதும் இல்லை. கேட்டால் மட்டும் செய்யுங்கள்.

இனி எழுதும் முறை.

ஒவ்வொரு பத்திக்கும் எண் இடுங்கள். ஒரு பத்திக்குள் ஒரே சம்பவம். அவர் சொன்ன தமிழிலேயே முதல் பிரதி. "செல்லடி" (ஷெல் வீச்சு), "பங்கர்", "சென்றி" (காவல் நிலை), "ஆட்லறி" (பீரங்கி), "இடம்பெயர்ந்தது" எல்லாம் அப்படியே இருக்கட்டும், நம்மூர்த் தமிழுக்கு மாற்றாதீர்கள். ஆங்கிலம் தனிப் பிரதி. இரண்டிலும் ஒரே பத்தி எண். வலது பக்கம் ஓர் ஓரம் விட்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேராக நான்கில் ஒன்றைக் குறியுங்கள்: கண்டது, தன் காதால் கேட்ட சத்தம், பிறர் சொன்னது, பின்னால் தெரிந்தது. பிறர் சொன்னது என்றால் யார் சொன்னார், எப்போது சொன்னார். பின்னால் தெரிந்தது என்றால் எதிலிருந்து. வாக்குமூலத்தின் எடை முழுக்க இந்த ஓரத்தில்தான் இருக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால், தான் கண்டதும் பிறகு தொலைக்காட்சியில் பார்த்ததும் யாருக்கும் கலந்துபோகும். அதில் தப்பில்லை. பிரித்துக் கேட்காமல் விடுவதுதான் தப்பு.

கற்பனையாக ஓர் உதாரணம். "மார்ச்சில் ராணுவம் ஆஸ்பத்திரியைக் குறிவைத்துத் தாக்கி ஐம்பது பேரைக் கொன்றது" என்று எழுதினால் படிக்கிறவர் அடுத்த பக்கம் போய்விடுவார். அதே ஆளிடம் பொறுமையாகக் கேட்டால் கிடைப்பது இப்படி இருக்கும்: "ஆஸ்பத்திரிக்குத் தெற்கே, கூப்பிடு தூரத்தில் எங்கள் பங்கர். காலை, கஞ்சி இன்னும் கொதிக்கவில்லை. இரண்டு செல் அடுத்தடுத்து விழுந்தது. மூன்றாவது விழும்போது நான் உள்ளே இருந்தேன். வெளியே வந்ததும் ஏழு உடல் கண்டேன், அதில் இரண்டு பேரைத் தெரியும். ஐம்பது என்று பின்னேரம் அங்கே வேலை செய்த ஒருவர் சொன்னார்." ஐம்பது எங்கேயும் போய்விடவில்லை, அதன் இடத்தில் இருக்கிறது. ஏழு அசையாது.

யார் அடித்தது என்பதற்கும் இதே வழிதான். "ராணுவம்தான்" என்று சொல்வார், உண்மையாகவும் இருக்கலாம். எப்படித் தெரியும் என்று ஒரு தடவை கேளுங்கள். விமானச் சத்தம் முதலில் கேட்டதா? ஏவிய சத்தம் கேட்டதா, எந்தப் பக்கம்? பிப்ரவரிக்குப் பிறகு மக்கள் அடைபட்டுக் கிடந்தது கிழக்கே கடலும் மேற்கே நந்திக்கடலுமாக இருந்த மணல் பட்டி. அதனால் வடக்கு, தெற்கு என்று கேட்பதைவிட, "கடலைப் பார்த்து நின்றால் சத்தம் முதுகுப் பக்கமா, எந்தத் தோள் பக்கமா" என்று கேட்டால் பதில் துல்லியமாக வரும். வெளிச்சம் தெரிந்து எத்தனை எண்ணியதும் சத்தம் வந்தது? ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று விநாடி ஆகும். விழுந்த குழி எவ்வளவு அகலம், ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாமா? ஒன்று வெடித்ததா, ஒன்று வெடித்துப் பல சிறியவை வெடித்தனவா? "கொத்துக் குண்டா?" என்று நீங்கள் கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு வரும் "ஓம்" (ஆம்) ஒன்றுக்கும் ஆகாது. அருகில் புலிகளின் பீரங்கியோ வாகனமோ இருந்ததா என்ற கேள்வி சங்கடமானது, ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான். "இருக்கேல்லை" (இருக்கவில்லை) என்பதும், "இருந்தது, அரைக் கட்டை (அரை மைல்) தள்ளி" என்பதும் பெறுமதியான பதில்களே.

"இனப்படுகொலை", "போர்க்குற்றம்" போன்ற சொற்களைச் சாட்சியின் வாயில் வைக்காதீர்கள். அவரே சொன்னால் எழுதுங்கள், மேற்கோள் குறிக்குள். சட்டம் என்ன பெயர் வைக்கும் என்பது வக்கீல்களின் பாடு.

தேதி பெரிய தலைவலி. இடம்பெயர்ந்துகொண்டே இருந்தவர்களுக்கு நாட்காட்டி இல்லை. "மார்ச் எத்தனாம் தேதி" என்று கேட்டால் ஏதோ ஒரு எண் வரும், அதை நம்ப முடியாது. 2009இல் என்று என்ன நடந்தது என்று தேதிவாரியாக எழுதிய ஒரு தாளைத் தயாராக வைத்திருங்கள், ஆனால் அவரிடம் காட்டாதீர்கள். ஜனவரி 2 கிளிநொச்சி விழுந்தது. ஜனவரி 14 பொங்கல். ஜனவரி 20இல் மக்கள் ஒதுங்கலாம் என்று அரசு அறிவித்த முதல் பாதுகாப்பு வலயம், சுதந்திரபுரம், உடையார்கட்டு பக்கம். பிப்ரவரி 10 முதல் மே 9 வரை செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல், முதலில் புதுமாத்தளன் கரையில் இருந்தும் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் இருந்தும், காயப்பட்டவர்களை ஏற்றிப் போனது. பிப்ரவரி 12இல் இரண்டாவது வலயம், கடற்கரைப் பட்டி. பிப்ரவரி 23 சிவராத்திரி. ஏப்ரல் 12 ஈஸ்டர், 14 சித்திரைப் பிறப்பு. 13, 14 ஆகிய இரண்டு நாள் தாக்குதலை நிறுத்துவதாக அரசு அறிவித்திருந்தது. ஏப்ரல் 20இல் மாத்தளன் மண் அணையை ராணுவம் உடைத்தது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள். மே 8, 9 வெசாக் பௌர்ணமி. மே 18, 19இல் போர் முடிந்தது. கேள்விகள் இப்படி அமையட்டும்: "அன்றைக்கு ராத்திரி நிலவு இருந்ததா? கோயிலில் ஏதாவது நடந்ததா? அப்போது கப்பல் வந்துகொண்டிருந்ததா?" கிடைத்ததை "சிவராத்திரிக்குப் பின், கப்பல் வந்துகொண்டிருந்த காலம்" என்றே எழுதுங்கள். நீங்களாகவே அதை மார்ச் 3 ஆக்கிவிடாதீர்கள்.

எல்லோருடைய கதையும் 2009 மே மாதத்தில் இல்லை. 2002 பிப்ரவரி போர்நிறுத்த ஒப்பந்தம் காகிதத்தில் 2008 ஜனவரி வரை உயிரோடு இருந்தது; மக்கள் மீதான கொடுமை அதற்கு ஈராண்டு முன்பே திரும்பிவிட்டது. 2006 ஜனவரி 2இல் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூன் 15இல் கெப்பித்திகொல்லாவையில் சிங்களப் பொதுமக்கள் போன பஸ் கிளேமோர் கண்ணிவெடியில் சிக்கி அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகஸ்ட் 4இல் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் 17 பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். அதே வாரம் மூதூர் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினார்கள். ஆகஸ்ட் 14இல் வள்ளிபுனம் செஞ்சோலை சிறுவர் இல்ல வளாகத்தின் மீது விமானக் குண்டுவீச்சு. 2007 ஜூன் 7இல் கொழும்பு லாட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை அதிகாலையில் பஸ்ஸில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். மறுநாள் உச்ச நீதிமன்றம் தடுத்தது. வெள்ளை வேன் கடத்தல்கள் இந்தக் காலத்தவை. வேன் என்றால் நிறத்தோடு நிற்காதீர்கள்: எண் பலகை இருந்ததா, வந்தவர்கள் என்ன மொழி பேசினார்கள், தமிழ் என்றால் எந்த ஊர்ப் பேச்சு, அருகில் எந்தச் சோதனைச் சாவடி, வேன் அதைத் தாண்டிப் போனதா, நிறுத்தப்பட்டதா. கடைசிக் கேள்வியின் பதில்தான் அரசின் தொடர்பைப் பற்றி எதையாவது சொல்லும்.

இங்கே நம்மவர் பலர் பேனாவை மூடிவிடுகிற இடம் ஒன்று வரும். "இயக்கம் என்ர மகளைப் பங்கருக்குள்ள இருந்து இழுத்துக்கொண்டு போனது", "தண்ணிக்குள்ளால வெளிக்கிட்ட சனத்தைச் சுட்டவை" என்று சொல்லும்போது, "அதெல்லாம் வேண்டாம்மா, ராணுவம் செய்ததைச் சொல்லுங்க" என்று திருப்பிவிடுகிறார்கள். இது அந்தத் தாய்க்குச் செய்கிற இரண்டாவது அநியாயம். 1949 ஜெனீவா ஒப்பந்தங்களின் பொது மூன்றாம் பிரிவு உள்நாட்டுப் போரில் இரு தரப்பையும் கட்டுப்படுத்துகிறது. ஐ.நா. பொதுச்செயலாளரின் நிபுணர் குழு 2011 அறிக்கையில் அரசின் ஷெல் தாக்குதலையும், மருத்துவமனைகள் தாக்கப்பட்டதையும், புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும், சிறுவர்களைச் சேர்த்ததையும் ஒரே அறிக்கையில்தான் வைத்தது. ஒரு பக்கத்தைக் கத்தரித்த வாக்குமூலம் கத்தரித்த இடத்திலேயே கிழியும். மொத்த இறப்பு எத்தனை என்ற சண்டைக்குள்ளும் சாட்சியை இழுக்க வேண்டாம். கொழும்பில் இருந்த ஐ.நா. அலுவலகம் மே 13 வரை எண்ணியது 7,721. அந்த நிபுணர் குழு நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்றது. பங்கரில் இருந்தவருக்கு அவர் எண்ணியது மட்டும் தெரிந்தால் போதும்.

பெயர்களில் ஏகப்பட்ட குழப்பம் வரும். தந்தை பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர். வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு. எல்லாவற்றையும் தனித்தனிப் பெட்டியில் எழுதுங்கள். பழைய தேசிய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள், பெண்ணுக்கு அதோடு 500 கூடும். பிப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு. ஆகவே லீப் அல்லாத ஆண்டில் மார்ச் முதல் பிறந்தவர்களுக்கு ஒரு நாள் அதிகமாக வரும், அதைப் பிழை என்று திருத்தாதீர்கள். ஊர்ப் பெயருக்குக் கிராம சேவகர் பிரிவையும் சேருங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு ஒரே பட்டியல் வைத்துக்கொள்ளாவிட்டால் புதுக்குடியிருப்பு ஐந்து ஊராகிவிடும். போரில் இருந்து வெளியே வந்தவர்களை அடைத்து வைத்த, வவுனியாவுக்கு அருகிலான மெனிக் பாம் முகாம் என்று மட்டும் எழுதினால் போதாது. கதிர்காமர், ஆனந்தகுமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று வலயங்களுக்குப் பெயர் இருந்தன. எந்த வலயம், யாருடைய கூடாரத்துக்குப் பக்கத்தில், யார் பெயர் கூப்பிட்டு அழைத்துப் போனார்கள்.

பாலியல் வன்முறை பற்றிப் பயிற்சி இல்லாதவர் கேட்கவே கூடாது. அவராகச் சொன்னால் குறுக்கிடாமல் காது கொடுங்கள், விவரம் தோண்டாதீர்கள், பயிற்சி பெற்ற பெண் ஒருவரிடம் சேர்க்க வழி பாருங்கள். சித்திரவதைத் தழும்புகளை நீங்கள் போனில் படம் எடுப்பதால் பயன் குறைவு. இஸ்தான்புல் நெறிமுறை (சித்திரவதையை ஆவணப்படுத்தும் ஐ.நா. கையேடு) தெரிந்த மருத்துவர் பார்த்து, தழும்பு அவர் சொல்வதோடு எந்த அளவு பொருந்துகிறது என்று எழுத வேண்டும்.

பழைய நோக்கியா போனில் எடுத்த வீடியோ, கசங்கிய போட்டோ கிடைத்தால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொல்லாதீர்கள். கோப்பு சுருங்கும், எடுத்த நேரமும் கருவியும் பற்றிய தகவல் அழிந்துபோகும். மெமரி கார்டில் இருந்து நேராக நகலெடுத்து, அந்த நிமிடமே எஸ்.எச்.ஏ.-256 கைரேகையை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் நீண்ட குறியெண்ணை) கணினியில் கணக்கிட்டு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அசல் உரியவரிடமே இருக்கட்டும். கோப்புப் பெயரில் ஆள் பெயர் வேண்டாம், குறியீடு போதும். குறியீடு யாருடையது என்ற பட்டியல் வேறொரு வீட்டில், தாளில். கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்த இரண்டு பிரதி, இரண்டு ஊரில். இலவச மொழிபெயர்ப்புத் தளத்தில் ஒரு வரிகூட ஒட்டாதீர்கள்.

எங்கே அனுப்புவது? இரண்டு வழிகள் முக்கியம். 1980 முதல் இயங்கும், வலிந்து காணாமலாக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழு தனி ஆளின் வழக்கை எடுக்கும். முழுப் பெயர், காணாமல்போன தேதி, இடம், கொண்டுபோனவர் யார் என்று நம்ப என்ன காரணம், குடும்பம் இதுவரை எடுத்த நடவடிக்கை, எழுதுபவர் குடும்பத்தவர் அல்ல என்றால் குடும்பத்தின் சம்மதம். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் கோப்பு நகராது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மட்டும். காணாமல்போனவர் விவரம் இலங்கை அரசுக்குப் போகும். அனுப்பியவர் பெயரை மறைக்கக் கேட்கலாம், கேட்டே ஆகுங்கள். குற்றவாளி யார் என்று அது தீர்ப்புச் சொல்லாது. ஆளின் கதி என்ன என்று அரசைக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. மற்றொன்று, 2021 மார்ச்சில் மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானத்தால் ஜெனீவாவில் உருவான இலங்கைப் பொறுப்புக்கூறல் திட்டம். வருங்கால வழக்குகளுக்காகச் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கிறது. இரு தரப்பின் கொடுமையும் அங்கே போகலாம். முதலில் முழுக் கோப்பை அனுப்பாமல் என்ன இருக்கிறது என்ற சுருக்கத்தை மட்டும் அனுப்புங்கள்.

செயற்குழு எழுதும் பதில் சில சமயம் ஆண்டுகள் கழித்து வரும்: அரசு இப்படிச் சொல்கிறது, குடும்பம் ஏற்கிறதா என்று. அரசு தந்த தகவலுக்குக் குடும்பம் குறித்த காலத்துக்குள் மறுப்பு எழுதாவிட்டால் வழக்கு மூடப்படலாம். அதற்குள் வீடு மாறியிருக்கும், சிம் மாறியிருக்கும். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு எண் சரியா என்று பார்க்கிற பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதிவையுங்கள். அவர் ஊர் மாறிப் போனால் யார் பார்ப்பார் என்பதையும் அதே தாளில்.